ஸ்ரனிஸ்லாஸ் வாங்கின துவக்கு

என்ர மனிசனை இந்த டென்மார்க்கிலை, ஹொல்ஸ்டெப்ரோப் பட்டணத்திலை எல்லாரும் கப்பல்காரர் எண்டுதான் சொல்லுறது. பேர் ஸ்ரனிஸ்லாஸ். எழுபத்தஞ்சிலை சரக்குக் கப்பலிலை வந்து இந்த நாட்டிலை இறங்கினவர் திரும்பி ஏறேல்லை. ஏன் எண்டு கேட்டால், "குளிர் பிடிச்சுப்போச்சு" எண்டுவார். விசர்க் கதை. அந்த மனிசனுக்கு ஒரு இடமும் பிடிக்கிறதில்லை, அதுதான் உண்மை. வீட்டிலை கதிரை கிடக்கும், இருக்கமாட்டார். தேத்தண்ணியை யன்னலடியிலை நிண்டு குடிப்பார். சோத்துக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு குசினிக்கும் ஹோலுக்கும் நடப்பார். "ஒரு இடத்திலை இருந்து தின்னுங்கோவன், ஆரும் துரத்திக்கொண்டு வாறாங்களோ?" எண்டு நான் கத்தாத நாளில்லை.

வேலை பண்டி இறைச்சி வெட்டுற தொழிற்சாலையிலை. குளிர் அறைக்குள்ளை, ஓடுற பட்டிக்கு முன்னாலை, விடிஞ்சால் பொழுதுபட்டால் ஒரே வெட்டு. அங்கை கூட வேலைசெய்யிற ஸ்வென்தான் இவரை முதல் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். போயிட்டு வந்து சொன்னார்: "நாயகி, காட்டுக்கை நிக்கேக்கை எனக்கு நெஞ்சு அடங்குது." பிறகென்ன, வேட்டைச் சோதினை எழுதிப் பாஸ் பண்ணி, சொந்தமாத் துவக்கு வைக்கப் பொலிசிட்டை அனுமதியும் எடுத்துப்போட்டார். எடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னவர், அதுவும் தேத்தண்ணி குடிச்சபடி, யன்னலுக்கு வெளியிலை பார்த்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் என்ர தம்பி அந்தோனிதாசன் ஊரிலையிருந்து வந்து சேர்ந்தவன். அது எண்பத்தஞ்சு. அகதி வழக்குக்கு முடிவு வரேல்லை. இருக்க விடுவாங்களோ, ஊருக்குத் திருப்பி ஏத்துவாங்களோ தெரியாது. பெடியன் வாய் திறக்கமாட்டான். வாசல் கதவைப் பார்த்தபடி சுவரோடை சாய்ஞ்சு கிடப்பான். றோட்டிலை ஒரு கார் நிண்டால் போதும், துடிச்சுப் பதைச்சு எழும்புவான். வீட்டிலை ரெண்டு ஆம்பிளையள். ஒண்டு இருக்காது, மற்றது அசையாது. நடுவிலை நான் கிடந்து மாயிறன்.

தம்பி ஏன் அப்பிடி எண்டு சொல்லவேணும். மன்னாரிலை ஐயாவிட்டை லைசென்ஸ் துவக்கு ஒண்டு இருந்தது, வயலுக்கை இறங்கிற பண்டிக்கு வெடிவைக்க. அவன் வாறதுக்கு முதல் வருசம், ஆயுதம் தூக்கின இயக்கப் பெடியள் வந்து அதைப் பறிச்சுக்கொண்டு போனாங்கள். துவக்குத் துலைஞ்சால் பொலிசிலை முறைப்பாடு குடுக்கவேணும். ஐயா சட்டத்துக்குப் பயந்த மனிசன், குடுக்கப் போனவர். தம்பியை வெளியிலை வேப்பமரத்தடியிலை நிக்கச் சொல்லிப்போட்டு உள்ளை போனவர், போனவர்தான். பிறகு பிரேதத்தைத்தான் தந்தாங்கள். தம்பி அந்த மரத்தடியிலை நிண்டவன், நிண்டவன்தான். உள்ளை போய்க் கேக்க அவனுக்குக் கால் எழும்பேல்லை.

இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு, இந்த மனிசன் துவக்கு வாங்கப் போறாராம்!

"உங்களுக்கு ஈவிரக்கம் இருக்கோ? அவன் இருக்கிற வீட்டுக்கை துவக்கோ?"

"நாயகி, இது டென்மார்க். இஞ்சை துவக்கு எண்டால் வெறும் துவக்குத்தான்."

"அதை அவனுக்குச் சொல்லுங்கோ பாப்பம்!"

சொல்லேல்லை. அடுத்த சனிக்கிழமை காரை எடுத்தார். நானும் ஏறினன், வழி நெடுக நச்சரிச்செண்டாலும் மனசை மாத்துவம் எண்டு. காற்றோடை கத்தினது மாதிரித்தான்.

துவக்கை விக்கிறவர் பட்டணத்துக்கு வெளியிலை இருந்த கார்ல் எண்ட கிழட்டுக் கமக்காரன். மூட்டுவாதத்திலை விரலெல்லாம் கோணிப்போய், இனிச் சுடேலாதாம். முதல் கோப்பி, பிறகு கேக், பிறகு இன்னுமொரு கோப்பி. அதுக்குப் பிறகுதான் துவக்கு மேசைக்கு வந்தது. இவர் கோப்பியையும் நிண்டுதான் குடிச்சார், எனக்கு வெக்கமாப் போச்சு.

அது கௌபோய்ப் படங்களிலை வாற மாதிரித் துவக்கு. விசையைச் சுத்தி ஒரு இரும்பு வளையம். அதைக் கீழை இழுத்து மேலை அடிச்சால் வெறுங்கோது துள்ளி வெளியிலை விழும், அடுத்த தோட்டா ஏறும். இவர் குழலை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு உள்ளை பார்த்தார். வளையத்தை இழுத்து இழுத்து அடிச்சுக் காதைக் குடுத்துக் கேட்டார். "கொஞ்சம் ஆட்டம் காட்டுது. ஆனால் குழல் நல்ல சுத்தம்" எண்டார். கார்ல் கிழவன், சுட்டுப் பார்க்காமல் துவக்கு வாங்கக்கூடாது எண்டு சொல்லி, பின்னாலை கிரவல் மண் அள்ளின கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கை மண்மேட்டிலை ஒரு பசளைப் பையைக் குத்தி நடுவிலை கரியாலை வட்டம் போட்டார்.

முதல் வெடி வட்டத்துக்குக் கீழை மண்ணைக் கிளப்பிச்சுது. நான் காதைப் பொத்திக்கொண்டன். கிழவன் குழலிலை குறி பார்க்கிற பின்குறியை ஒரு படி உயர்த்திவிட்டார். இவர் திரும்பவும் தோளிலை வைச்சார். அப்பதான் பார்த்தன், மனிசன் அசையேல்லை. விரல் கூட ஆடேல்லை. வீட்டிலை சுவருக்குச் சுவர் நடக்கிற மனிசன், மூச்சை அடக்கிக்கொண்டு கல்லாய் நிண்டார். வெடி வட்டத்துக்கை விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சார். உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசையாவும் இருந்தது, எரிச்சலாவும் இருந்தது.

துவக்கைப் போர்வையாலை சுத்தி, களவெடுத்த ஆக்கள் மாதிரி வீட்டுப் பின்வாசலாலை கொண்டுவந்தம். படிக்குக் கீழை இரும்பு அலுமாரியிலை பூட்டினார். திறப்பை மடு மாதா படத்துக்குப் பின்னாலை வைச்சன். எங்கட ஆக்களின்ரை வீட்டிலை திறப்பு வேறை எங்கை இருக்கும்? தம்பிக்கு அது தெரியாமல் இருக்குமோ?

திங்கக்கிழமை கடைக்குப் போட்டு வாறன், அலுமாரி ஆவெண்டு திறந்து கிடக்கு. துவக்கு இல்லை. தம்பி குசினியிலை இருந்து சோறு தின்னுறான். வந்த நாளிலையிருந்து வயிறு நிறையத் தின்னாத பெடியன், பிசைஞ்சு பிசைஞ்சு தின்னுறான். நகத்துக்கை முழுக்க மண்.

"தம்பி, துவக்கு எங்கை?"

"மண்ணுக்கை தாட்டுப்போட்டன் அக்கா. இனி ஆர் வந்து தேடினாலும் உங்கட வீட்டிலை ஒண்டுமில்லை."

வேலையாலை வந்த மனிசனிட்டைச் சொன்னன். சப்பாத்தைக் கூடக் கழட்டாமல் குசினிக்குள்ளை அங்கையும் இஞ்சையும் நடந்தார்.

"தாசன், அது என்ர பேரிலை பதிஞ்ச துவக்கு. அலுமாரியிலை இல்லையெண்டால் நான் பொலிசுக்குப் போய்ச் சொல்லவேணும்."

பெடியன் பாய்ஞ்சு போய்க் கதவை மறிச்சுக்கொண்டு நிண்டான். "போகாதேங்கோ அத்தான்! ஐயாவும் இதைத்தான் சொல்லிப்போட்டுப் போனவர்."

மனிசன் நடக்கிறதை நிப்பாட்டினார். "சரி, போகேல்லை. வா, கிண்டி எடுத்துப் பூட்டுவம்" எண்டார்.

ஆனால் நாங்கள் வெளிக்கிட முதல் வாசலிலை கார் நிண்ட சத்தம். பக்கத்து வீட்டுக்காரி, புதுசா வந்த பெடியன் மண்வெட்டியும் நீளப் பொட்டலமுமாத் தோட்டத்துக்கை நிக்கிறதைக் கண்டு போன் அடிச்சிருக்கிறாள். பொலிசு! முடிஞ்சுது, தம்பியைத் திருப்பி ஏத்தப் போறாங்கள். மாதாவே எண்டு சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

இவர் கதவைத் திறக்கப் போனார். தம்பி இவரைத் தள்ளிப்போட்டு முன்னாலை போனான். ஆரும் கார் கதவு சாத்தினாலே சுவரோடை ஒட்டுற பெடியன்! கதவைத் திறந்து, ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினான், விலங்கு போடச் சொல்லி.

"ஐ டேக் கன். திஸ் மேன், நோ. ஒன்லி மீ."

வந்த பொலிசுக்காரன் ஒரு இளந்தாரி. தம்பியின்ரை கையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஒண்டும் விளங்கேல்லை. இவர் டெனிஷிலை எல்லாத்தையும் சொன்னார், மன்னார்க் கதையையும் சேர்த்து. அவன் தொப்பியைக் கழட்டிக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு கேட்டான்.

பிறகு எல்லாருமாத் தோட்டத்துக்குப் போனம். என்ர கொத்தமல்லிப் பாத்தியைக் கிண்டித் தம்பி துவக்கை எடுத்தான். என்ர மழைக்கோட்டாலை சுத்தி, மண் போகாமல் குழல்வாய்க்குத் துணி அடைச்சு வைச்சிருந்தான். பொலிசுக்காரன் வளையத்தை இழுத்து உள்ளை தோட்டா இல்லையெண்டு பார்த்தான், இலக்கத்தை அனுமதியோடை ஒத்துப் பார்த்தான், துவக்கை இவரிட்டைக் குடுத்தான். திறப்பை வேறை இடத்திலை வையுங்கோ, துவக்கை நல்லாத் துடையுங்கோ, கறள் பிடிக்கும் எண்டான். தம்பிக்கும் கை குடுத்துப்போட்டுக் காரிலை ஏறினான்.

கார் திருப்பத்திலை மறையுமட்டும் தம்பி பார்த்துக்கொண்டு நிண்டான்.

"அக்கா, அவ்வளவுதானோ?"

"ஓமடா ராசா, அவ்வளவுதான்."

"துவக்குத் துலைஞ்சதெண்டு சொன்னால், இவ்வளவுதானோ?"

"ஓம் தம்பி."

"அப்ப ஐயாவை ஏனக்கா சாகடிச்சவங்கள்?"

பெடியன் அந்தப் பாத்திக்குள்ளை மடங்கி விழுந்து, ஊரிலை அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதான். என்ர மனிசன் துவக்கைப் புல்லிலை கிடத்தினார். வேலைச் சப்பாத்தோடை அந்தச் சேத்துக்குள்ளை போய், தம்பிக்குப் பக்கத்திலை சம்மாணம் போட்டு இருந்தார். பொழுதுபட்டது, குளிர் ஏறினது, நான் ரெண்டுதரம் சாப்பிடக் கூப்பிட்டன். தம்பி எழும்புமட்டும் அவர் எழும்பேல்லை.