அம்மாவின் கிருமியும் ஆய்வகத்து எலிகளும்

மதுரையில் ஓர் ஆய்வகத்தில் எலிகளுக்கு நிமோனியா வரவைப்பது என் வேலை. மலைமேல் மன்னவனூரில் பூண்டு பயிரிடும் என் தம்பிக்கு இது பெரிய வேடிக்கை. "ஊரே எலிக்கு மருந்து வச்சுக் கொல்லுது, நீ மருந்து குடுத்துப் பொழைக்க வைக்கிற. இதெல்லாம் ஒரு சோலியாக்கா?" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நினைப்பதுபோல அது லேசுப்பட்ட சோலியில்லை. நல்ல எலிக்கு மூக்கில் கிருமியை விட்டால், உதறித் தள்ளிவிட்டு மறுநாள் தீனி தேடும். அதனால் முதலில் ஊசி போட்டு அதன் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்போம். பிறகுதான், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை மூக்கில் சொட்டுவிடுவோம். மனிதருக்குக் கெடுவது போலவே அதன் நுரையீரல் கெட்டால்தான், மனிதருக்கு இன்னும் அனுமதி கிடைக்காத புது மருந்தை அதில் சோதித்துப் பார்க்க முடியும்.

அம்மாவுக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். புகை பட்டால்தான் கெடாது, விதைக்கும் ஆகும். அந்தப் புகைக்குள் நின்றே வாழ்நாள் முழுக்கச் சமைத்தாள். பூண்டு கெடவில்லை, அவள் நெஞ்சு கெட்டது. இருமலுக்குத் தந்த மாத்திரையைக் கொஞ்சம் குணமானதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த இருமலுக்கு எடுத்து வைப்பாள். கிருமி பழகிவிடும் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். "நெனச்ச நேரத்துக்கு மலையெறங்கி மருந்து வாங்கியாற முடியுமா தாயி?" என்று கேட்டாள்.

இந்த மழைக்காலத்தில் அவளை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் சளி எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. வைத்துப் பார்த்த மருந்தெல்லாம் தோற்று, கிருமி வளர்க்கும் தட்டு முழுக்க அது மண்டிக் கிடந்தது. மேலதிகாரியிடம் கெஞ்சி, அந்தக் கிருமியையே எலிகளுக்குக் கொடுத்தேன். ஒரு கூண்டுக்கு மட்டும் புது மருந்து.

அம்மா கட்டிலில் கூன் போட்டு உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். ஆய்வகத்துக்குப் போனால் எலிகளும் அப்படியே உட்கார்ந்திருந்தன. அந்தப் புது மருந்தை அம்மாவுக்குத் தரமுடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அது இப்போதைக்கு எலிக்குத்தான்மா. உங்களுக்கே தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார். தெரியும். தெரிந்தும் ஆய்வகத்தில் அந்த மருந்துக் குப்பி ஒன்றைக் கைப்பையில் போட்டேன். எலியின் எடைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அம்மாவின் எடைக்கு எவ்வளவு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நானே அவளைக் கொன்றுவிடக்கூடும். குப்பியைத் திரும்ப வைத்துவிட்டேன். வைத்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி, தம்பியும் நானும் மலை ஏறினோம்.

செண்பகனூர் தாண்டும்போது ஆய்வகத்திலிருந்து கூட வேலை பார்க்கும் பெண் கூப்பிட்டாள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. "அக்கா, மருந்து குடுத்த கூண்டுல எல்லாம் எந்திரிச்சுத் தீனி திங்குதுக்கா!" என்று கத்தினாள். எத்தனை காலம் காத்திருந்த செய்தி! அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன்.

அம்மா மாஸ்க்கை விலக்கினாள். "யாரு தாயி?"

"ஆய்வகத்துல இருந்தும்மா. உனக்கு வந்த அதே கிருமிதான், புது மருந்து குடுத்த எலிக்கெல்லாம் கொணமாயிருச்சாம்." ஏன் சொன்னேன்? சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

அவள் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப வண்டியத் திருப்பச் சொல்லு."

தம்பி என்னையே பார்த்தான். டிரைவர் வேகத்தைக் குறைத்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். நான் மாஸ்க்கை மறுபடி அம்மாவின் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க மேலயே போங்கண்ணே," என்றேன்.