பின் சீட்டுக்குள் ஒரு சத்தம்

வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு லைன்மேன் என்றுதான் பெயர். மின்கம்பத்தில் ஏறி ஏறி உரமேறிய தோள் இன்னும் அப்படியே இருந்தது. இடது கையில் மட்டும் இரண்டு விரல் கிடையாது. முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும்.

விபத்து நடந்த அன்றைக்குக் கீழே நின்ற கூட்டாளி, "ஆஃப் பண்ணியாச்சு, ஏறுங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, பக்கத்து லைனை ஆஃப் செய்திருந்தான். மேலே போய்க் கையை வைத்ததுதான் லைன்மேனுக்கு நினைவிருக்கிறது. மறுபடி கண் விழித்தபோது ஐந்து நாள் ஓடியிருந்தது.

அதற்குப் பிறகு மின்சாரம் என்றால் அவருக்கு ஈரக்குலை நடுங்கும். வீட்டில் பல்பு மாற்றுவது மனைவிதான். விளக்கு சுவிட்சைக்கூடப் புறங்கையால்தான் தட்டுவார். தப்பித்தவறி ஷாக் அடித்தால் கை தானாக விலகிக்கொள்ளும் என்று கணக்கு. விருந்தாளிகள் பார்த்துச் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். ஆனால் விரல் நுனியால் ஒரு நாளும் தொடமாட்டார்.

குடும்பத்தைத் தாங்கியது மனைவி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவர். புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், குழாய் மாற்றுவார், புரட்டிப் படுக்க வைத்து முதுகு துடைத்து விடுவார். ஸ்கூட்டரில்தான் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட பிறகு, தெரிந்த டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய காரை வாங்கிவிட்டார். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டி.

"எத்தனை வோல்ட்?" என்று கேட்டார் லைன்மேன். வேறெதுவும் கேட்கவில்லை.

"இருநூறுக்கு மேலன்னு சொன்னாங்க. அது பாட்டுக்குப் பின் சீட்டுக்குப் பின்னாடி ஒரு டப்பாக்குள்ள இருக்குங்க."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

"எங்கம்மாவைப் பார்த்துக்கூட நீங்க இவ்வளவு பயந்ததில்லையே!" என்று மனைவி பின்னாலிருந்து சொன்னார். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. தினமும் தன் மனைவி அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றுகிறாள் என்பது அவர் மனதை விட்டுப் போகவில்லை.

முதல் மூன்று மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று முன்னால் இருந்த சின்னத் திரை காட்டியது. பிறகு இருபது, பதினெட்டு என்று இறங்கிப் பதினைந்துக்கு வந்தது. சிக்னலில் நின்றால் சத்தமில்லாமல் அடங்கிக் கிடக்க வேண்டிய இன்ஜின், அடங்காமல் உறுமிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கண் டாக்டரிடம் போவதற்காக லைன்மேன் வேறு வழியில்லாமல் காரில் ஏற வேண்டி வந்தது. பின் சீட்டில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். சீட்டின் ஓரத்தில் இருந்த சல்லடை போன்ற ஓட்டைக்குள்ளிருந்து, தொண்டை அடைத்தவர் மூச்சிழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. வெயில் ஏற ஏறச் சத்தமும் ஏறியது.

"உள்ள ஏதோ இரையுது, கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நீங்க கண்ணை மூடிட்டுப் பேசாம வாங்க."

மறு வாரம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே நெருங்க, மனைவி எப்படியோ ஓரம் கட்டிவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். "வண்டி நின்னுபோச்சுங்க" என்று சொன்னதுதான் தாமதம், லைன்மேனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"முதல்ல இறங்கு! இறங்கித் தள்ளி நில்லு! வண்டியைத் தொடாதே!" என்று கத்தினார். அரை மணி நேரத்தில் சூடு ஆறியதும் வண்டி மறுபடி கிளம்பி வீடு வந்து சேர்ந்தது. அதுவரை அவர் வாசலில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையில் கல்லைப் போட்டார். "பேட்டரி போயிடுச்சுக்கா. புதுசு போடறதுக்கு வேற வண்டியே வாங்கிடலாம். எதுக்கும் ஒரு தடவை மூடியைத் திறந்து உள்ள இருக்கற செப்புப் பட்டையை எல்லாம் சுத்தம் பண்ணிப் பாக்கறேன். நான் இந்த வண்டியைத் திறந்ததில்லை. வீடியோ பாத்திருக்கேன்."

வீடியோ பார்த்திருக்கிறார்! அதைக் கேட்ட பிறகு லைன்மேனால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியோடு பட்டறைக்குப் போனார். தகரக் கூரை, ஒரு காரும் இரண்டு பைக்கும் நிற்கும் இடம். அப்போதுதான் கழுவி விட்டிருந்த தரையில் தண்ணீர் தேங்கி நின்றது. அதைப் பார்த்ததுமே அவருக்கு வியர்த்தது. மெக்கானிக் டிக்கியைத் திறந்து, விரிப்பை உருவிப் போட்டு, பேட்டரி மூடியின் முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டியிருந்தார்.

"தம்பி, நிறுத்து."

"பயப்படாதீங்கண்ணே. ஆஃப் பண்ணியாச்சு."

 லைன்மேனின் கால் தானாகப் பின்வாங்கப் பார்த்தது. மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றார். அவர் போகவில்லை. எட்டி மெக்கானிக்கின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தை ஆஃப் பண்ணினே?"

"சாவியைத்தான்."

"சாவி இன்ஜினுக்கு. இந்தப் பெட்டிக்கு?"

மெக்கானிக் பெட்டியைச் சுற்றித் தேடினார். டிக்கியின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கைப்பிடி வைத்த ஒரு பிளக் இருந்தது. காரை வாங்கிய நாளிலிருந்து, அதோடு வந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் லைன்மேன் எத்தனை தடவை படித்திருப்பாரோ தெரியாது. அந்த பிளக்கை உருவினால்தான் பேட்டரிக்கு வெளியே மின்சாரம் போகாது. உருவிய பிறகும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்போதும் பெட்டிக்குள்ளே உயிர் இருக்கும்.

"அதான் கிளவுஸ் வெச்சிருக்கேனே" என்று ரப்பர் கையுறையை நீட்டினார் மெக்கானிக்.

லைன்மேன் அதை வாங்கினார். வாய்ப்பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, விரல்கள் ஐந்தும் பலூன்போல உப்பியதும் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கம்பத்தில் ஏறும் காலத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தினமும் காலையில் செய்து பார்த்த சோதனை அது.  முதல் கையுறை நன்றாக இருந்தது. இரண்டாவதில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மெல்லிய காற்று அவர் கன்னத்தில் பட்டது.

"இங்க வா. கன்னத்தைக் காட்டு."

மெக்கானிக் குனிந்தார். காற்று பட்டதும் அப்படியே நிமிர்ந்துவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. கையிலிருந்த ஸ்பானரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

 பிறகு லைன்மேன் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. தரையைத் துடைத்து உலர்ந்த பலகையைப் போட்டார்கள். பக்கத்துத் தெரு மின்சாமான் கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி வந்து புதுக் கையுறை வாங்கினார்கள். ஆரஞ்சு பிளக்கை உருவிய மெக்கானிக், அதைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார், வேறு யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாது என்று. பத்து நிமிடத்துக்குப் பதிலாக லைன்மேன் இருபது நிமிடம் காக்க வைத்தார்.

"பெட்டியைத் திறக்க வேண்டாம்" என்றார். "முதல்ல பேட்டரிக்குக் காத்தடிக்கற அந்த ஃபேனைக் கழட்டு. அதுக்கு மூச்சு முட்டுது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்."

சீட் ஓரத்து ஓட்டையிலிருந்து போகும் குழாயையும், அதன் முனையில் இருந்த விசிறியையும் கழற்றினார்கள். விசிறியின் இறக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. தூசியும் கறுப்பு முடியும் சேர்ந்து கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தன.

"வண்டியை வித்த டாக்டர் வீட்டு நாய்!" என்றார் மனைவி. "எப்பவும் பின் சீட்லதான் உக்காந்திருக்கும்."

காற்று கிடைக்காததால் பேட்டரி கொதித்தது. கொதித்ததால் வேலை செய்ய மறுத்தது. அதன் பங்கையும் சேர்த்து இன்ஜின் இழுத்ததில் பெட்ரோல் போன இடம் தெரியவில்லை. விசிறியைக் கழுவி உலர்த்தி மாட்டினார்கள். நான்கு டயரிலும் காற்று குறைந்திருந்தது, ஏற்றினார்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தபோது பின்பக்க வலது சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோன லைன்மேன், "இது மட்டும் சுடுதே" என்றார். பிடித்த பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருந்தது. அதையும் சரி செய்தார்கள். இன்ஜினின் காற்று ஃபில்டரை மாற்றினார்கள்.

இரண்டு வாரத்தில் திரை இருபதைக் காட்டியது. அதற்கு மேல் ஏறவில்லை. சிவப்பு விளக்கும் வரவில்லை. "வயசான வண்டி. இவ்வளவு தர்றதே பெருசு" என்றார் மனைவி.

அந்த ஞாயிறுக்கு மறுநாளே மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கண்ணே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சோறு இறங்கலை" என்றார்.

"கரண்ட் அடிச்சப்ப எனக்கு ஒரு மாசம் இறங்கலை" என்றார் லைன்மேன். "உள்ள வா. காபி குடிக்கலாம்."

இப்போதெல்லாம் பட்டறைக்கு ஹைப்ரிட் வண்டி வந்தால், கை வைப்பதற்கு முன்னால் மெக்கானிக் லைன்மேனுக்கு போன் போடுகிறார்.  லைன்மேன், ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கலாமா என்று சட்டையை மாட்டிக்கொண்டே யோசிப்பார். ஆனாலும் போய்விடுவார். கையுறையில் காற்றை அடைத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது இடது கையில் மிஞ்சிய மூன்று விரலும் நடுங்கும். அதைப் பார்த்துப் பட்டறையில் யாரும் சிரிப்பதில்லை.