தைரியநாதன் எடுத்த தண்ணீர்ப் படம்

உச்சி வெயிலில் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, காய்ந்த கண்மாயின் கரையோரம் கேமராவுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார் தைரியநாதன். துணிக்குள்ளிருந்து "யேசுவே, யேசுவே" என்று குரல் வருகிறது. ஏதோ பூச்சி கடித்துவிட்டதென்றுதான் முதல் நாள் நான் ஓடினேன். ஆளுக்கு ஆச்சரியம் தாளவில்லை, அவ்வளவுதான்.

கல்லல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஸ்டுடியோ. கல்யாணப் பெண்ணைக்கூட "நாடியத் தூக்கும்மா" என்று ஒரே அதட்டலில் முடித்துவிடுவார். வானத்திடம் மட்டும் அபாரப் பொறுமை. சூரியனைச் சுற்றி வட்டம் கட்டிய அன்று, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அந்த மனிதர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுபத்து நான்கு வைகாசியில் இந்தக் கிறுக்கு ஊர் வயிற்றில் அடிக்கப் பார்த்தது. மழை இல்லை, விளைச்சல் இல்லை. நிலவரியைத் தள்ளுபடி செய்யக் கோரி ஊரார் மனு எழுதினார்கள். கண்மாய் வறண்டதற்குச் சாட்சியாக இவர் எடுத்த படம், யாரும் பிரித்துப் பார்க்காமலே மனுவோடு போனது. 'தண்ணீர் இருக்கிறதே' என்று மனு திரும்பி வந்தது. படத்தைப் பார்த்தால், கண்மாய் நிறையத் தண்ணீர்! அக்கரைப் பனைகள் அதில் தலைகீழாக நின்றன. எல்லாம் கானல்.

"காஞ்ச கம்மாய எடுக்கச் சொன்னா, தண்ணியக் கட்டி வச்சிருக்கீகளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மனு எழுதிய கோட்டைச்சாமி. நாலு ஏக்கர் வைத்திருப்பவர்.

"என்னைய ஏன் வையிறீக? நம்ம கண்ணு ஏமாறும், சரி. கேமராக் கண்ணாடியுமா ஏமாறும்?"

எனக்குப் புல்லரித்தது. கோட்டைச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் தாசில்தாரே ஜீப்பில் வந்தார். வந்த நேரம் நடுப்பகல். "அந்தா நிக்குதேய்யா!" என்று கரையிலிருந்தே கையை நீட்டினார்.

"அங்குட்டு எறங்கி ஒரு கை அள்ளிக் காட்டுங்கய்யா" என்று தைரியநாதன் கூட்டிக்கொண்டு நடந்தார். நாங்களும் போனோம். நடக்க நடக்கத் தண்ணீர் பின்வாங்கியது. அக்கரைவரை காலடியில் வெடித்த மண்தான். தாசில்தார் திரும்பிப் பார்த்தார். நாங்கள் நடந்து வந்த இடமெல்லாம் இப்போது தண்ணீர் பளபளத்தது. கரையைச் சுற்றி வந்து சேர்ந்த ஜீப்பின் மேல் மனுவை வைத்து, நிலவரியைத் தள்ளுபடி செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோட்டைச்சாமி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

எல்லோரும் கரை வழியே ஊருக்குத் திரும்பினோம். தைரியநாதனின் கேமரா நாங்கள் முதலில் இறங்கிய எதிர்க்கரையிலேயே நின்றது. அதை எடுக்கக் குறுக்கே போக இறங்கியவர், ஒரு கணம் நின்று, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டார்.