கனவில் பிரேக் பிடித்தவர்

பஸ் டிரைவருக்குக் கனவிலும் டூட்டிதான். கண்ணை மூடியதும் ரோடு தானாக வந்துவிடும். ஒரு ஆள்கூட ஏறாத பஸ், வெள்ளை வெளேரென்ற சாலை. மேகம் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், வண்டி திரும்பும். அப்போது பார்த்து எங்கிருந்தோ ஒரு ஆடு குறுக்கே வந்து நிற்கும். பாழாய்ப்போன ஆடு! இவர் பிரேக்கை மிதிப்பார். அரை நிமிஷத்துக்கு ஒரு ஆடு, விடியவிடிய மிதி.

பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி வேறொரு பஸ்ஸில் கண்டக்டர். மிதி விழுந்ததும் அரைத்தூக்கத்திலேயே, "ரைட், போலாம்!" என்பாள். அவர் கால் அடங்கும், ஆடும் போய்விடும். என்ன ஜோடிப் பொருத்தம்! வைத்தியம் வாயிலேயே இருக்கிறதென்று பதினோரு வருஷத்தைச் சிரித்தே ஓட்டிவிட்டார்கள். டிப்போவில் அவருக்கு 'ஆடு அண்ணன்' என்று பெயரே வந்துவிட்டது.

இந்த வருஷச் செக்கப்பில் அவருக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது. மனைவியும் கூட வந்திருந்தாள்.

"தூக்கம் எப்படி?" என்றார் டிப்போ டாக்டர்.

"அடிச்சுப் போட்டாப்ல தூங்குறேன் டாக்டர்."

பச்சைப் பொய். போன வாரம் பட்டப்பகலில், சிக்னலில், அந்த வெள்ளைச் சாலை கண்ணுக்குள் விரிந்துவிட்டது. பின்னால் அடித்த ஹாரன்தான் எழுப்பியது. சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்களே! வண்டி இல்லாமல் தான் யாரென்று அவருக்கே தெரியாது.

மனைவிக்கு வாய் சும்மா இருக்குமா? ஆட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"தூக்கத்துல கால் இப்படி உதறுறது ஒரு வியாதிம்மா. ஒவ்வொரு உதறலுக்கும் மூளை பாதி முழிச்சுக்கும், பிரஷர் ஏறும். ராத்திரி பூரா ஹார்ட்டுக்கு ஓய்வே கிடைக்காது."

அவள் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, நான் ரைட் சொல்லிச் சொல்லியே..."

"உங்க தப்பில்லை. டெஸ்ட் எடுக்கணும். பகல்ல கண்ணு சொக்குதா?"

"இல்லவே இல்ல," என்று முந்திக்கொண்டார் டிரைவர். "இவ எதையும் பெருசு பண்ணுவா. கால் லேசா அசையும், அவ்வளவுதான்."

அவள் குனிந்து, தன் யூனிஃபார்ம் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினாள். கெண்டைக்கால் நெடுக நீலமும் மஞ்சளுமாக, பழசும் புதுசுமாகக் கன்றிப்போயிருந்தது.

"பஸ் படியில இடிச்சுக்கிட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேன். நீங்க தூங்கினாப் போதும்னு இருந்துச்சு."

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்க டாக்டர். போன வாரம் வண்டியிலயே தூங்கிட்டேன். உள்ள நாப்பது பேர் இருந்தாங்க."