பதினோரு நிமிடத் தமிழ்

சாஜிதாவுக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். காது திரும்பி வரவில்லை. அதற்குள் பேச்சு நன்றாகப் படிந்துவிட்டதால் வாய் மட்டும் தங்கியது. ஆனால் தான் கத்துகிறோமா முணுமுணுக்கிறோமா என்று அவளுக்கே தெரியாது. எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதை வைத்துத்தான் குரலைக் குறைத்துக்கொள்வாள்.

அடுத்தவர் பேசுவதை உதட்டைப் பார்த்தே பிடிக்கப் பழகினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முழுசாகவும் கிடைக்காது. பணமும் மனமும் உதட்டில் ஒன்றுதான். சில எழுத்துகள் தொண்டையோடு நின்றுவிடும். மீசை அடர்த்தியாக இருந்தால் பாதி போச்சு. கிடைத்ததை வைத்து மீதியை ஊகிக்க வேண்டும்.

தாம்பரம் பக்கம் அஸ்தினாபுரத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஜமீரின் வீட்டில்தான் இருந்தாள். பத்தாவது முடித்ததும் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் காலர் தைக்கப் போனாள். மெஷின் சத்தத்தில் அங்கே யாருக்குமே காது கேட்காது என்பதால் அவள் குறை அங்கே பெரிதாகத் தெரியவில்லை.

தெரிந்தது டி.வி. முன்னால். தமிழ் பேசி நடித்தால் ஓரளவு தேறும். டப்பிங் படம் என்றால் சுத்தம். வாய் என்னவோ அசையும். அதில் ஒரு சொல்கூட அகப்படாது. வீடே சிரிக்கும். "என்ன சொன்னான்?" என்று கேட்டால், "அப்புறம் சொல்றேன் சாஜி" என்பான் ஜமீர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அடுத்த சிரிப்பு வந்துவிடும், அவ்வளவுதான்.

2007 கடைசியில் ஒரு நாள், கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த கீதா மாடிக்கு வந்தாள். சிட்லபாக்கத்தில் ஒரு சின்ன கிராபிக்ஸ் ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. அதன் முதலாளி குமரவேல் புதிதாக ஒன்றில் இறங்கியிருந்தார். ஒரு கொரியப் படம் தமிழில் டப்பிங் ஆக இருந்தது. குரலை மாற்றுவதோடு நிற்காமல், திரையில் இருப்பவர்களின் உதட்டையும் தமிழ் பேச வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு பெண் தமிழ் வசனம் பேசுவதை கேமராவில் எடுத்து, அந்த அசைவைக் கம்ப்யூட்டரில் நடிகையின் வாய்மேல் ஒட்ட வேண்டும். ஒரு வினாடிக்கு இருபத்துநாலு படம். ஒவ்வொன்றிலும் வாயைக் கையால் இழுத்துத் திருத்துவது கீதாவின் வேலை.

"சரியா வந்திருக்கான்னு எங்களால கண்டுபிடிக்க முடியல அக்கா" என்றாள் கீதா. "தமிழ் சத்தத்தோட பாத்தா எல்லாமே சரியா இருக்கிற மாதிரிதான் தோணுது. காது ஏமாத்திடுது. உங்களாலதான் சொல்ல முடியும்."

காது கேட்காததற்காக ஒரு வேலை தன்னைத் தேடி வரும் என்று சாஜிதா நினைத்ததில்லை. "பர்மனென்ட் வேலைய விட்டுட்டுப் போறியே" என்று ஜமீர் தடுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

முதல் நாள் சத்தமில்லாமல் ஒரு காட்சியைப் போட்டார்கள். மூன்று தடவை பார்த்துவிட்டு, "எதுவும் பேசல சார். மென்னுக்கினு இருக்காங்க" என்றாள்.

குமரவேலுக்கு முகம் சுருங்கியது. "நல்லா பாருங்கம்மா. மூணு வாரம் செஞ்சிருக்கோம்."

"நாக்கே இல்லையே சார். 'ல' சொன்னா நாக்கு மேல போறது தெரியணும். 'ஆ'ன்னா தாடையும் எறங்கணும். உதடு மட்டும் போதாது."

அவர் அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு மூன்று வார வேலையை அழிக்கச் சொன்னார். அதிலிருந்து அவர் சாஜிதாவிடம் கேட்காமல் ஒரு காட்சியையும் முடித்ததில்லை.

நாலாவது மாதம் ஒரு காட்சி வந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி வாசலில் நிற்கிறாள். மகன் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறான். சாஜிதாவுக்கு வசனத் தாளைக் காட்டுவதில்லை. அவள் பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். பார்த்தாள். எழுதினாள்: "மழை வரும். குடையை எடுத்துட்டுப் போ."

கீதா தாளோடு ஒப்பிட்டுவிட்டுக் குமரவேலைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சாஜிதா அதை மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். எங்கேயோ கொரியாவில் இருக்கிற ஒரு பொம்பளை, யாரும் இடையில் நின்று எடுத்துச் சொல்லாமல், நேராகத் தன்னைப் பார்த்துக் குடையைப் பற்றிப் பேசுகிறாள். ஏழெட்டு தடவைக்குப் பிறகு கீதாவே நிறுத்தினாள்.

"முழுப் படமும் இப்படி வருமா சார்?" என்று கேட்டாள் சாஜிதா.

"வரும்மா. அதுக்குத்தானே இவ்ளோ பாடு."

ஏழு மாதத்தில் பதினோரு நிமிடம் முடிந்தது. படத்தைத் தமிழில் வெளியிட உரிமை வாங்கியிருந்த விநியோகஸ்தர் சம்பந்தம் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுக் குமரவேலோடு கண்ணாடி அறைக்குள் போனார். வெளியே கீதாவும் சாஜிதாவும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது; சம்பந்தம் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒதட்ட யார் பாக்கறா குமரவேல்?" என்றது அவர் வாய். "டப்பிங் படம்னா வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்னு ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. பதினோரு நிமிஷத்துக்கு ஏழு மாசம்னா, முழுப் படம் என் பேரன் காலத்துலதான் வரும்."

"என்ன பேசறாங்க அக்கா?" என்றாள் கீதா.

"சரியா தெரியல" என்று பொய் சொன்னாள் சாஜிதா. அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"எனக்குப் புரியுது சார். சத்தம் இல்லாமலே எல்லாம் புரியுது."

இரண்டு பேரும் திடுக்கிட்டதைப் பார்த்த பிறகுதான் கத்திவிட்டோம் என்று தெரிந்தது. சம்பந்தம் மோசமான மனிதர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "உங்கள மாதிரி இருக்கறவங்க தியேட்டருக்கு வருவாங்களாம்மா? நீங்க போவீங்களா?"

சாஜிதா தியேட்டருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. போனாலும் புரியாது என்றுதான் போகவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"போறதில்ல சார்."

சம்பந்தம் குமரவேலைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த மாதத்தோடு வேலை நின்றது. முடிந்த பதினோரு நிமிடத்தையாவது சாஜிதாவுக்கு ஒரு சி.டி.யில் போட்டுத் தரக் கீதா கேட்டுப் பார்த்தாள். வெளியே கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். பிறகு ஒரு சீரியலின் டைட்டில் வேலைக்கு டிஸ்க்கில் இடம் வேண்டியிருந்தது. பதினோரு நிமிடமும் அழிந்தது. கீதா பெங்களூருக்குப் போய்விட்டாள்.

படம் குரலை மட்டும் மாற்றி வெளியானது. சாஜிதா தாம்பரத்தில் தனியாகப் போய்ப் பார்த்தாள். அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள், வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்கிறாள் என்று சாஜிதாவுக்கு மனப்பாடம். ஆனால் அந்த வாய் அதைச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டாள். நாலு நாள் கழித்து யோசித்தபோது, அந்த முகம் தமிழ் பேசியது எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கொரிய வாய்தான் வந்தது.

துணி கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். காலர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலை. நின்றுகொண்டே செய்ய வேண்டும். ஜமீர் எதையும் குத்திக்காட்டவில்லை. அவன் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு காலை, சானடோரியம் ஸ்டேஷனில் குமரவேலைப் பார்த்தாள். இளைத்திருந்தார். ஸ்டூடியோ கட்டடத்தைக் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அவரே கிட்ட வந்து பேசினார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது. நடுவில் ஒரு தடவை திரும்பியபோது "பெங்களூர்" என்று ஒரு சொல் கிடைத்தது. மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேசி முடித்தபோது சாஜிதா, "சரி சார்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தபடி நின்றார். அவர் கேட்டது ஏதோ கேள்வி, அதற்குச் 'சரி' பதில் இல்லை என்று புரிந்தது. என்ன என்று மறுபடி கேட்கவில்லை. பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். எட்டரைக்குள் கம்பெனியில் வருகை கார்டு அடிக்க வேண்டும் என்று அவள் வெளியே போகும் பாலத்தின் படியேறினாள்.