"ங்க" இல்லாத தமிழ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான், ஒத்துக்கிறேன். ஆனா அன்னைக்கு லிந்துலைப் பக்கத்துத் தேயிலை மலையில சின்னதொரையைப் பார்த்து "நீ வாடா"ன்னு சொன்னது வாய்க்கொழுப்புல இல்ல. நாலு மாசமா அடக்கி வச்சிருந்தது.

தோட்டம் கம்பெனி கைக்கு மாறின புதுசு. சின்னதொரை, அதான் உதவி மேனேஜர், கண்டிப் பக்கத்துல இருந்து வந்த சிங்களப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். எனக்கு நாப்பத்தி மூணு. கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கிற என்னைப் பார்த்து தினமும், "ஏய், நீ, இங்க வா." பெத்த புள்ள வயசுக்காரன் அப்படிக் கூப்பிட்டா யாருக்குத்தான் பொறுக்கும்? நான் சொன்ன "வாடா" அவனுக்கு வெளங்கல. பக்கத்துல நின்னு வேலையை மேற்பார்த்த கண்டாக்கையா வெளங்கப்படுத்தினாரு. அன்னைக்குப் பின்னேரமே என்னை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க.

எங்க வீட்டுல தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். வேலை போனா தோட்டம் குடுத்த வீடு, அந்த லயத்துக் காம்பராவும் போயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போறது? அப்பவும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்னுதான் நின்னேன்.

சங்கத்துத் தலைவர் விஷயத்தை ஹட்டன் தொழில் கந்தோருக்கு, அதான் லேபர் ஆபீசுக்கு, கொண்டு போனாரு. அங்க பேசித் தீர்த்து வைக்க இருந்தவரு யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் தலைவரும், அந்தப் பக்கம் சின்னதொரை. ஐயா யாரையும் அதட்டல, சட்டமும் பேசல. "நீங்கள் சொல்லுங்கோ அம்மா"ன்னு முதல்ல என்னைக் கேட்டு, குறுக்க பேசாம கேட்டுக்கிட்டாரு. பெறகு சின்னதொரை பக்கம் திரும்பி, எனக்கும் வெளங்குற சிங்களத்துல, தமிழ் யார்கிட்ட படிச்சீங்கன்னு கேட்டாரு.

பெரிய தொரைகிட்டன்னு சொல்லி, அவன் சட்டைப்பையில இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தான். சிங்கள எழுத்துல எழுதி வச்ச தமிழ். ஐயா வாசிக்கச் சொன்னாரு. வா. போ. நில்லு. எடு. வெட்டு. தூக்கு. பக்கம் பக்கமா அதுதான். ஒரு "ங்க" கிடையாது.

அடேயப்பா! எங்க பாட்டன் காலத்துத் தொரையில இருந்து ஒவ்வொருத்தனும் அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுத்த தமிழ் இது. எங்ககூட பேச இதுக்கு மேல ஒரு சொல்லு அவங்களுக்குத் தேவைப்படவே இல்லையே. கண்டாக்கையாவும் "வாடா"வுக்குத்தான் அர்த்தம் சொன்னாரு. "வாங்க"ன்னு ஒன்னு இருக்குன்னு சொல்ல அவருக்கும் வாய் வரல. அதுவரைக்கும் இருந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

வீட்டுல அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு ஐயா மெதுவா கேட்டாரு. "அம்மே, என்ன"ன்னான். சிங்களத்துல "என்ன"ன்னா வாங்க. இந்த அம்மாவை இவ்வளவு நாளும் "வா"ன்னு, அதாவது "வரென்"னு கூப்பிட்டிருக்கீங்களேன்னாரு ஐயா. "வரென்"னா வாடின்னு அர்த்தம்.

பையனுக்கு மொகம் செத்துப்போச்சு. கொப்பியில புதுப் பக்கம் திருப்பி, எப்படிச் சொல்லணும்னு என்னையே கேட்டான். சொல்லிக் குடுத்தேன். "வாடா" சொன்னது தப்புன்னும் சொன்னேன், யாரும் கேக்காமலே. என்னை வேலைக்கு எடுக்கச் சொல்லி ஐயா எழுதின கடுதாசியில ரெண்டு பேரும் கையெழுத்து வச்சோம். குரலை ஒசத்தாம ரெண்டு கேள்வியில ஒரு மனுஷன் இவ்வளவும் செஞ்சாரேன்னு இன்னைக்கு நெனச்சாலும் மலைப்பா இருக்கு.

மறுநாள் காலையில, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல கூடையோட வரிசையா நின்னோம். சின்னதொரை வந்தாரு. நேரா என்னைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தா, "நீங்க... வாங்க"ன்னாரு.

எந்தப் பெரிய மனுஷர் வந்திருக்காருன்னு வரிசையே பின்னால திரும்பிப் பார்த்துச்சு. நானுந்தான்.