உப்பை உருக்கிப் பார்த்து வாங்கிய சூளை

யுத்தம் முடிந்த பிறகு நான் வைத்திருந்த குறிப்பேட்டில், ஒரு புதன்கிழமைக்கு எதிரே இப்படி இருக்கிறது: “சூளை எண்ணூறு பாகை காட்டியது. உப்பு உருகவில்லை.”

கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டிப் பதக்கம் செய்யப் பழக வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். புதிய மின்சூளை எங்கள் கைக்கு எட்டாது. பாலாவியில் பழைய சாமான் விற்பவரிடம், பொய்ப்பல் கட்டுவோர் பாவித்த சின்னச் சூளையொன்று இருந்தது. அதன் சூடுகாட்டியை நான் நம்பவில்லை. அது பிழையாகக் காட்டினால் அவளுடைய கண்ணாடி ஒட்டாது, இல்லாவிட்டால் வழிந்துவிடும். உப்பு எண்ணூறு பாகையைத் தாண்டியதும் உருகும் என்று வாசித்திருந்தேன். ஆகவே உப்பளத்து உப்பை அரைத்து, பீங்கான் கிண்ணியில் கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.

“நானா, கறியும் ஆக்கப் போறீங்களா?” என்று விற்பவர் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“உருகட்டும், பிறகு கதைப்போம்.”

எண்ணூற்று நாற்பது காட்டியபோதுதான் உப்பு நீராகியது. நாற்பது பாகை கூட்டிக் காட்டுகிறது என்றேன். அவர் மறுக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது.

“அப்ப நாப்பது கூட்டி வச்சா சரிதானே, எடுங்க,” என்றாள் கூட வந்திருந்த மனைவி. “உப்பை நம்புறீங்க, மனுசரை நம்ப மாட்டீங்க.”

வாங்கினோம். நாற்பது என்று எழுதி மூடியில் ஒட்டினேன். கழுவாத உப்பளத்து உப்பும் சுத்தமான உப்பும் ஒரே சூட்டில்தான் உருகுமா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.